டவுன் சிண்ட்ரோம்: சொல்லும் பொருளும்

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தையின் கேஸ் ஷீட்டில் சில சமயம் ‘டவுன்ஸ்?’ என்று கேள்விக்குறியோடு ஒரு வரி இருக்கும். டவுன் சிண்ட்ரோமோ என்ற சந்தேகம் அது; உடலும் அறிவும் மெதுவாக வளர்கிற ஒரு பிறவி நிலை. கூடவே ரத்தத்தில் குரோமோசோம்களைப் பார்க்கும் ‘கேரியோடைப்’, இதயத்தை ஸ்கேன் செய்யும் ‘எக்கோ’ என இரண்டு பரிசோதனைகள். அந்தத் தாளிலிருந்து வீட்டாரிடம் வந்துசேர்வது பெரும்பாலும் ‘டவுன்’ என்கிற ஒற்றைச் சொல்தான். தமிழ்க் காதுக்கு அது ஏற்கெனவே இரண்டு விதமாகப் பழக்கம். டவுன் பஸ் என்றால் ஊர். பேட்டரி டவுன், சர்வர் டவுன் என்றால் இறக்கம். பச்சைக் குழந்தையைப் பற்றிச் சொல்லும்போது யாருக்கும் ஊர் நினைவுக்கு வராது. ‘மூளை டவுனாம்’ என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பாட்டிக்குப் போன் போகும். பாட்டியிடமிருந்து அத்தைக்கு, அத்தையிடமிருந்து தெருவுக்கு. தாய் மயக்கம் தெளிந்து குழந்தையை மடியில் வாங்குவதற்குள் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதி முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டவுன் என்பது ஓர் ஆளின் பெயர். ஜான் லாங்டன் டவுன், ஆங்கிலேய மருத்துவர். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இருந்த எர்ல்ஸ்வுட் காப்பகத்தின் பொறுப்பை 1858இல் ஏற்றார். அறிவு வளர்ச்சி தாமதமானவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கிருந்தவர்களில் ஒரு சாரார், வெவ்வேறு பெற்றோருக்குப் பிறந்தும் உடன்பிறந்தவர்கள் போலவே ஒரே சாயலில் இருப்பதை அவர் கவனித்து 1866இல் ஒரு கட்டுரையில் விவரித்தார். விவரிப்பு துல்லியம். வைத்த பெயர்தான் பிழை. மனிதரை முகவெட்டு பார்த்து இனம் இனமாகப் பிரிப்பது அன்றைய அறிவியலின் வழக்கம். மேல்நோக்கிச் சாய்ந்த கண்களைப் பார்த்த டவுன், இவர்களை ‘மங்கோலிய’ வகை என்று எழுதிவைத்தார்.

அதே கட்டுரையின் முடிவில் அவர் வந்துசேர்ந்த இடம் வேறு. ஐரோப்பியத் தாய் தகப்பனுக்கே இப்படிச் சாயல் மாறிப் பிள்ளை பிறக்கிறதென்றால் இனங்களுக்கு நடுவே கடக்க முடியாத சுவர் எதுவும் இல்லை, மனித குலம் ஒன்றே என்று வாதிட்டார். 1905இல் அவருடைய பேரன் ஒருவரும் இந்தச் சாயலோடுதான் பிறந்தார். தாத்தா பெயரையே அவருக்கும் வைத்தார்கள்: ஜான். அந்த வாதமும் இந்தப் பேரனும் மறந்துபோய், ‘மங்கோலிசம்’ மட்டும் கிட்டத்தட்ட நூறு வருஷம் உலகம் முழுக்கப் புழங்கியது. நம்மூரிலும் ‘மங்கோல் பேபி’ என்று சொல்லிப் பழகிய ஒரு தலைமுறை மருத்துவர்களும் நர்சுகளும் இருந்தார்கள். இப்போதும் எங்காவது காதில் விழுகிறது. கைவிட வேண்டிய சொல் அது.

அதைக் கைவிட வைத்ததில் விஞ்ஞானிகளுக்கும் ஒரு நாட்டுக்கும் பங்கு உண்டு. 1961இல் 19 ஆய்வாளர்கள் ‘லான்செட்’ மருத்துவ இதழுக்குக் கூட்டாக ஒரு கடிதம் எழுதினார்கள். இனப்பெயரை வைத்து ஒரு குழந்தையின் உடல்நிலையைச் சுட்டுவது தவறு என்று சொல்லி, மாற்றாகச் சில பெயர்களையும் முன்வைத்தார்கள். அவற்றிலிருந்து இதழாசிரியர் தேர்ந்தெடுத்ததுதான் இன்றைய பெயர். 1965இல் மங்கோலியா உலக சுகாதார நிறுவனத்திடம் நேரடியாகவே கேட்டுக்கொள்ள, அந்த நிறுவனமும் பழைய சொல்லை விட்டது. பிற்பாடு அமெரிக்கர்கள் ‘டவுன்ஸ்’ என்பதன் கடைசி ‘ஸ்’ஸையும் எடுத்துவிட்டார்கள். டவுனுக்கு இந்த நிலை இருந்ததுமில்லை, அது அவருடைய சொத்துமில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். தமிழில் ‘டவுன் சிண்ட்ரோம்’ என்றே எழுதலாம்.

அடுத்த பாதி, சிண்ட்ரோம். கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் சேர்ந்து, ‘டிரோமோஸ்’ என்றால் ஓட்டம். ஒன்றாகச் சேர்ந்து ஓடிவருகிற அறிகுறிகளின் கூட்டத்துக்குப் பழங்கால மருத்துவர்கள் வைத்த பெயர். இந்தக் குழந்தைகளைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். கண்ணின் வெளி ஓரம் லேசாக மேலேறியிருக்கும். உள்ளங்கையின் குறுக்கே ஒற்றை ரேகை ஓடும். கால் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே செருப்பு வார் நுழைகிற மாதிரி இடைவெளி. தசை தளர்வாக இருப்பதால் தூக்கினால் உடம்பு கையில் நிற்காமல் வழுக்கும். இவற்றில் எது தனியாக இருந்தாலும் பொருட்டில்லை. ஒற்றை ரேகை உள்ள கைகள் ஊரில் எத்தனையோ இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து வரும்போதுதான் மருத்துவர் ரத்தம் எடுத்து உறுதி செய்யச் சொல்கிறார்.

தமிழில் இதற்கு ‘நோய்க்குறித் தொகுப்பு’, ‘நோய்க்கூட்டறிகுறி’ என்ற சொற்கள் எழுத்து வழக்கில் இருக்கின்றன. நல்ல ஆக்கங்கள்தான், பல சிண்ட்ரோம்களுக்குப் பொருந்தவும் செய்கின்றன. ஆனால் டவுனோடு சேர்க்கும்போது முன்னால் நிற்கும் ‘நோய்’ உறுத்துகிறது. பத்திரிகைகள் இடத்தை மிச்சம் பிடிக்க அதை இன்னும் சுருக்கி ‘டவுன் நோய்’ என்று போட்டுவிடுகின்றன. நோய் என்று கேட்டதும் நம் மனிதர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு: ஒட்டிக்கொள்ளுமா, எப்போது குணமாகும். முதல் கேள்வியால் பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாட வருவது நிற்கிறது. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல லேகியக்காரரும் ‘மூளை டானிக்’ விற்பவரும் வந்துவிடுகிறார்கள். இது ஒட்டாது, குணப்படுத்தும் மருந்தும் கிடையாது. கருவிலேயே அமைந்துவிட்ட உடலமைப்பு. அதனால் ‘டவுன் கூட்டறிகுறி’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். சிண்ட்ரோம் என்பதன் ‘சேர்ந்து’ என்ற பொருள் ‘கூட்டு’ என்பதில் அப்படியே நிற்கிறது, வேண்டாத நோயும் விலகிவிடுகிறது. பேச்சில் ‘டவுன் சிண்ட்ரோம்’ என்பதே போதும். எல்லோருக்கும் புரிகிறது, மருத்துவரிடம் கேட்கவும் வசதி.

பிரெஞ்சுக்காரர்கள் டவுனின் பெயரையே விட்டுவிட்டு ‘டிரைசோமி 21’ என்கிறார்கள். நம் உடலின் செல்களில் மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்கள் 23 ஜோடி இருக்கின்றன. நிறப்புரி என்பதும் நிறமூர்த்தம் என்று ஈழத்தில் சொல்வதும் இவற்றையே. இந்தக் குழந்தைகளுக்கு 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. பாரிஸில் மார்த் கோத்தியே, ஜெரோம் லெஜன், ரேமோன் டுர்பேன் ஆகியோரின் ஆய்வு 1959இல் இதை வெளியிட்டது. மூன்று, இருபத்தொன்று என்ற இந்த எண்களை வைத்துத்தான் மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் தினமானது. ஐ.நா. 2012 முதல் அதை அனுசரிக்கிறது.

பொருளை விளக்கும்போது இந்த ‘மூன்று’ என்பதைத்தான் வீட்டில் எல்லோர் காதிலும் போடவேண்டும். ஏனென்றால் குற்றம் எப்போதும் தாயின் தலையில் விழுகிறது. கிரகணத்தன்று வெளியே போனாள், பப்பாளி சாப்பிட்டாள், வண்டியில் போனாள், கர்ப்பத்தில் அழுதாள். இவை எதற்கும் குரோமோசோமைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பெரும்பாலும் கருமுட்டை உருவாகிற கட்டத்தில், கரு தரிப்பதற்கும் முன்பே, பிரிய வேண்டிய ஜோடி பிரியாமல் போவதால் இது நேர்கிறது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனாலும் இளவயதுத் தாய்மாருக்கே அதிகப் பிரசவங்கள் நடப்பதால் இந்தக் குழந்தைகளில் பலருக்குத் தாயார் 35 வயதுக்குக் கீழே இருப்பவர்கள்தான். நூற்றில் ஏறக்குறைய 99 பேருக்கு இது பரம்பரையாக வருவதில்லை. கூடுதல் குரோமோசோம் வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும் ‘இடமாற்ற’ வகை என்று கேரியோடைப் அறிக்கை சொன்னால் மட்டும் தாய், தகப்பன் இருவரும் பரிசோதனை செய்துகொள்வது அடுத்த பிள்ளையை நினைத்து அவசியம். அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

‘டவுன் சிண்ட்ரோமால் பாதிக்கப்பட்ட குழந்தை’ என்று செய்தித்தாளில் எழுதுகிறார்கள். புயலாலும் வெள்ளத்தாலும் பாதிக்கப்படுவார்கள். ‘டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை’ என்றால் போதுமே. ‘மந்தம்’ என்ற சொல்லைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. இன்னொன்று, ‘தெய்வக் குழந்தை’. அன்பினால் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் தெய்வம் என்று மூலையில் உட்கார வைத்துவிட்டால் நடக்கப் பழக்குவதும் பேசப் பழக்குவதும் பள்ளியில் சேர்ப்பதும் யார் வேலை? இந்தப் பிள்ளைகள் பலர் இரண்டு வயதை ஒட்டி நடக்கிறார்கள், சிலர் அதற்கு முன்னே, சிலர் பின்னே. அடம் பிடிக்கிறார்கள், பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள், தம்பியை அடிக்கிறார்கள். படிக்கிறார்கள், வேலைக்கும் போகிறார்கள். அமெரிக்காவில் 1983இல் இவர்களின் சராசரி ஆயுள் 25 வருஷம். இப்போது 60ஐ ஒட்டியிருக்கிறது. இதய அறுவை சிகிச்சையும், காப்பகத்தில் தள்ளாமல் வீட்டில் வளர்த்ததும் செய்த மாற்றம் இது.

இந்தச் சொல்லை விளக்குகிற வேலை மருத்துவரோடு முடிவதில்லை. 1971இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையின் தாய் ஒருவரின் முயற்சியில் ‘பைலட் பேரன்ட்ஸ்’ என்ற ஏற்பாடு தொடங்கியது. ஏற்கெனவே இந்தப் பாதையில் நடந்த பெற்றோரைக் கொஞ்சம் பயிற்றுவித்து, புதிதாகக் குழந்தை பெற்றவர்களிடம் அனுப்புவது, அவ்வளவுதான். பிறகு அது பல ஊர்களுக்கும் பரவியது. இங்கே சென்னையிலிருந்து இயங்கும் டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியாவும் ஒரு தாய் தொடங்கியதுதான். ‘சப்போர்ட் குரூப்’ என்பதை ‘ஆதரவுக் குழு’ என்று மொழிபெயர்க்கிறோம். ‘பெற்றோர் துணை’ என்று சொன்னால் இன்னும் பொருந்தும். பிரசவத்துக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்று நாம் கேட்பது அந்தத் துணையைத்தானே.

அப்படி வருகிற ஒரு தாய் என்ன செய்வார்? முதலில் குழந்தையைக் கையில் வாங்குவார். பெயர் கேட்பார். பிறகு பால் குடிப்பதைப் பார்ப்பார். தசை தளர்ந்திருப்பதால் இந்தக் குழந்தைகள் சப்புவது பலவீனமாக இருக்கும், கொஞ்சம் குடித்ததும் களைத்துத் தூங்கிவிடும். ‘பால் பத்தலை, டப்பாப் பாலுக்கு மாறு’ என்று சுற்றி இருப்பவர்கள் சொல்லத் தொடங்குவது இங்கேதான். அவர் மார்பைத் தாங்கும் உள்ளங்கையைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் குழந்தையின் தாடையையும் கன்னங்களையும் ஏந்தும்படி வைத்துக் காட்டுவார். தாடை நின்றால் வாய் நழுவாது. அப்படியும் போதவில்லையென்றால் தாய்ப்பாலைப் பீய்ச்சி, கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த பாலாடையில் சிறுகச் சிறுகப் புகட்டலாம். புரையேறாமல் தலையைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். ‘என் பிள்ளையும் இப்படித்தான்க்கா குடிச்சான், மூணு மாசத்துல சரியாயிடுச்சு’ என்று அவர் சொல்கிற ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் பலம் வேறு.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் குழந்தை பிறந்த வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போகாமல் இருந்துவிடாதீர்கள். எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை என்பதற்காகவே பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். எப்போதும் போல சட்டையும் சோப்பும் வாங்கிக்கொண்டு போங்கள். ‘யாரு ஜாடை?’ என்று கேளுங்கள், நிச்சயம் யாரோ ஒருவர் ஜாடை இருக்கும். தொட்டில் போடுவதையும் பேர் வைப்பதையும் ‘எல்லாம் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று வீட்டுப் பெரியவர்கள் தள்ளிப்போட்டால், தள்ளாதீர்கள் என்று சொல்லுங்கள்.

அந்த முதல் மாதத்தில் தள்ளிப்போடக் கூடாத மருத்துவ வேலைகளும் உண்டு. ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் வேண்டாத சத்தம் இல்லை என்று விட்டுவிட முடியாது, எக்கோ எடுத்தே ஆகவேண்டும். தைராய்டு, காது, கண் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும், பிறகும் குறித்த இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேசிய சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் இருக்கிறது. அதன் கீழ் இயங்கும் மாவட்ட தொடக்கநிலை இடையீட்டு மையங்களில், டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழிகாட்டுவார்கள், உடற்பயிற்சி சிகிச்சையையும் பேச்சுப் பயிற்சியையும் இலவசமாகத் தொடங்கலாம். குழந்தை தலை நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, விண்ணப்பப் படிவங்களில் இந்தப் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் டவுன் சிண்ட்ரோம் தனியாக இல்லை. ‘அறிவுசார் குறைபாடு’ என்ற தலைப்பின் கீழ்தான் பொதுவாகச் சான்று தருகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.யும் அந்தத் தலைப்பிலேயே வரும். சான்று கையில் வந்ததும், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, சிகிச்சைப் பயிற்சிகளுக்கான செலவும் அதில் அடங்கும்.