குறுஞ்செய்தியில் படம் போகவில்லையா? தொலைபேசியை அழிப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

குறுஞ்செய்தியில் படம் அனுப்ப முடியவில்லை என்று கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோரின் கைத்தொலைபேசியில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் பல ஆண்டுகளாகப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். வருத்தம் என்னவென்றால், சிலர் என்னிடம் வருவதற்கு முன்பே யாரோ சொன்னதைக் கேட்டு, தொலைபேசியை வாங்கிய நாளின் நிலைக்குத் திருப்பி, உள்ளிருந்த அத்தனையையும் அழித்துவிட்டு வருகிறார்கள். பேரனின் முதல் பிறந்தநாள் படங்களும் ஊரில் மறைந்த அம்மாவின் குரல்பதிவும் போய்விடுகின்றன. அதற்குப் பிறகும் அனுப்ப வேண்டிய படம் போவதில்லை, ஏனென்றால் கோளாறு அங்கே இல்லை.

குறுஞ்செய்தி எழுத்துகளுக்காக மட்டும் உருவானது. ஒரு செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் 70 குறியீடுகள்தான், அதிலும் கொம்பும் புள்ளியும் தனிக் கணக்கு. படம் அதற்குள் நுழையவே முடியாது. செய்திப் பெட்டியில் படத்தை இணைத்த உடனேயே அது எம்எம்எஸ், அதாவது படம், ஒலி ஆகியவற்றைச் சுமக்கும் வேறு வகைச் செய்தி, ஆகிவிடுகிறது. உங்கள் தொலைபேசி படத்தை மொபைல் டேட்டா வழியாகத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் செய்தி மையத்தில் ஏற்றுகிறது. எதிர்முனைத் தொலைபேசி தகவல் கிடைத்ததும் அங்கிருந்து அதை இறக்கிக்கொள்கிறது. ஆகவே இரு முனைகளிலும் மொபைல் டேட்டா திறந்திருக்க வேண்டும். வைஃபை இருந்தால் போதும் என்ற எண்ணம்தான் பாதித் தொல்லைக்குக் காரணம். வாட்ஸ்அப் வைஃபையில் தடையின்றி ஓடுவதால் இணையம் நன்றாக இருக்கிறது என்று நம்புகிறோம். எம்எம்எஸ் அந்த வழியாகப் பெரும்பாலும் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கத்துத் தேக்காவுக்கு வரும் வெளிநாட்டு ஊழியர்களிடம் இதை அடிக்கடி காண்கிறேன். விடுதியில் வைஃபை இருக்கும். முன்கட்டணச் சிம்மின் பணம் கரையக் கூடாது என்று மொபைல் டேட்டாவை அணைத்து வைத்திருப்பார்கள். அது நியாயமான சிக்கனம். அனுப்பும் அந்த ஒரு நிமிடத்திற்கு மட்டும் டேட்டாவைத் திறந்தால் போதும். வந்த படம் திறக்காமல் ‘டவுன்லோட்’ என்ற பொத்தான் மட்டும் தெரிந்தாலும் முதலில் இதையே பாருங்கள். டேட்டாச் செலவைக் குறைக்கும் ‘டேட்டா சேவர்’ அமைப்பு செய்திச் செயலியைத் தடுத்து நிறுத்துவதும் உண்டு. தள்ளிப்போடாமல் பாருங்கள், செய்தி மையம் படத்தைக் குறிப்பிட்ட காலம் வரைதான் வைத்திருக்கும்.

அடுத்தது இரட்டைச் சிம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களிடம் இது மிகுதி. இந்திய வங்கியின் ஓடிபி வர வேண்டும் என்பதற்காக ஊர் எண்ணை இரண்டாவது சிம்மாக உயிரோடு வைத்திருக்கிறோம். டேட்டாவுக்குச் சிங்கப்பூர்ச் சிம்மைத் தேர்ந்தெடுத்திருப்போம்; குறுஞ்செய்திக்கான சிம் எது என்பதைக் கவனித்திருக்க மாட்டோம். அது ஊர்ச் சிம்மாக இருந்தால், தொலைபேசி அந்தச் சிம்மின் டேட்டா வழியாகப் படத்தை அனுப்ப முயலும். ரோமிங் டேட்டா இல்லாததால் ‘அனுப்ப முடியவில்லை’ என்று சிவப்பில் காட்டும். அமைப்புகளில் சிம் மேலாளரைத் திறந்து, குறுஞ்செய்திக்கு எந்தச் சிம் என்பதை மாற்றுங்கள். ஊர்ச் சிம்மைக் கழற்ற வேண்டியதில்லை. மலேசியாவின் ஜொகூருக்குப் போகும்போது டேட்டாவுக்கு மட்டும் தனி இ-சிம் (அட்டையில்லாச் சிம்) போடுபவர்களுக்கும் இதே கதைதான்.

ஊரில் வாங்கிவந்த தொலைபேசி என்றாலோ, எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றியிருந்தாலோ, ஏபிஎன் என்ற அமைப்பைப் பாருங்கள்; நிறுவனத்தின் டேட்டாவோடு தொலைபேசி எந்த வழியில் இணைய வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் அது வேறுபடும். ஆண்ட்ராய்டில் அந்தப் பக்கத்திலேயே ‘இயல்புநிலைக்கு மீட்டமை’ என்று இருக்கும். பெரும்பாலும் அதுவே போதும். உங்கள் திட்டத்தில் எம்எம்எஸ் சேவை உண்டா என்பதையும் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள், அது எல்லாத் திட்டங்களிலும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. வெளிநாட்டு எண்ணுக்கு அனுப்புவதென்றால் என் அறிவுரை ஒன்றுதான்: எம்எம்எஸ்ஸோடு போராடாமல் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

படத்தின் அளவும் ஒரு தடை. இன்றைய கேமரா எடுக்கும் படம் பல மெகாபைட் இருக்கும். எம்எம்எஸ் பல இடங்களில் 300 கிலோபைட் முதல் ஒரு மெகாபைட் வரைதான் ஏற்கும். செய்திச் செயலி தானாகச் சுருக்கும். ஆனால் ஒரே செய்தியில் நான்கைந்து படங்களைச் சேர்த்தால் திணறும். ஒவ்வொன்றாக அனுப்புங்கள். காணொளியை இந்த வழியில் அனுப்ப நினைக்காதீர்கள்.

ஐஃபோனில் கதை சற்று வேறு. நீலக் குமிழியில் போவது ஆப்பிளின் சொந்தச் செய்திச் சேவையான ஐமெசேஜ். ஆப்பிள் கருவிகளுக்கிடையே வைஃபையிலும் போகும். பச்சையில் போகும் படம் எம்எம்எஸ். 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல், தொலைத்தொடர்பு நிறுவனம் ஆதரித்தால் ஆர்சிஎஸ் (இணையம் வழியாகப் போகும் புதிய வகைச் செய்தி) ஆகவும் இருக்கலாம். ஐஃபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு மாறியவர்கள் ஐமெசேஜிலிருந்து தங்கள் எண்ணை நீக்க மறந்துவிடுகிறார்கள். பிறகு ஐஃபோன் வைத்திருக்கும் உறவினர் அனுப்பும் படங்கள் வந்து சேருவதில்லை. பழைய ஐஃபோன் கையில் இருந்தால் சிம்மை அதில் போட்டு ஐமெசேஜை அணையுங்கள். இல்லாவிட்டால் ஆப்பிளின் இணையப் பக்கத்திலேயே எண்ணை நீக்கலாம்.

மிகப் பழைய தொலைபேசி வைத்திருக்கும் முதியவர்களுக்கு ஒரு வார்த்தை: சிங்கப்பூரில் 2ஜி 2017இல் நின்றது, 3ஜி சேவையும் 2024இன் பிற்பகுதியிலிருந்து படிப்படியாக நிறுத்தப்பட்டது. 4ஜி இல்லாத கருவியில் எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை.

இத்தனையும் பார்த்தும் சரியாகவில்லை என்றால் ‘நெட்வொர்க் அமைப்புகளை மீட்டமை’ என்பதைச் செய்யுங்கள். சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் புளூடூத் இணைப்புகளும் போகலாம். படங்களும் தொடர்பு எண்களும் அப்படியே இருக்கும். முழுத் தொலைபேசியையும் அழிக்கும் பொத்தான் இதற்குப் பக்கத்திலேயே இருப்பதால், அழுத்துவதற்கு முன் இரண்டு முறை படியுங்கள்.

இன்னொன்றும் என்னைக் கவலைப்பட வைக்கிறது. படம் திறக்கவில்லை என்று தடுமாறிக்கொண்டிருக்கும் நேரத்தில், ‘படத்தைப் பார்க்க இந்த இணைப்பைத் தட்டுங்கள்’ என்று ஒரு செய்தி வந்தால் கை தானாகப் போய்விடும். எம்எம்எஸ் படம் செய்திப் பெட்டிக்குள்ளேயே திறக்க வேண்டும். அதற்குத் தனிச் செயலி எதையும் நிறுவத் தேவையில்லை. அப்படி நிறுவச் சொல்லும் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்பு) வங்கிக் கணக்கையே துடைத்துவிடக்கூடும். சிங்கப்பூரில் 2023 முதல் நிறுவனங்கள் தங்கள் பெயரில் குறுஞ்செய்தி அனுப்பப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத பெயர் ‘லைக்லி-ஸ்கேம்’ (மோசடியாக இருக்கலாம்) என்ற எச்சரிக்கையுடன் வரும். ஆனால் சாதாரண எண்ணிலிருந்து வரும் செய்திக்கு அந்த எச்சரிக்கை இருக்காது. அடையாள அட்டை, வேலை அனுமதி அட்டை ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால், கேட்பவர் யார் என்பதை வேறு வழியில் உறுதிசெய்யும் வரை அனுப்பாதீர்கள். ஐயமிருந்தால் மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைக்கலாம்.

கடைக்கு வர நேர்ந்தால், திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே படமெடுத்து வாருங்கள். சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான மின்னடையாளம்), வங்கிக் கடவுச்சொற்களை யாரிடமும், என்னிடமும், சொல்லாதீர்கள். இந்தக் கோளாறைச் சரிசெய்ய அவை எதற்கும் தேவைப்படாது.