பழைய நாற்காலியை வாங்கும் முன் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்

பழைய மரச்சாமான்களைச் சீர்செய்யும் பட்டறை நடத்தி வரும் எனக்கு, அண்மைக் காலமாக ஒரு புதுவிதமான வேலை வருகிறது. மலிவாகக் கிடைத்த நாற்காலியையோ மேசையையோ வாங்கி, வீட்டிலேயே அழகாக வண்ணம் பூசிவிட்டு, சில மாதங்களில் அது ஆட்டம் கண்டதும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் பூச்சில் குறையே இருப்பதில்லை. குறையெல்லாம் பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது.

அப்படி வந்த ஒரு நீல நாற்காலியைச் சொல்கிறேன். தூரிகைத் தடம்கூடத் தெரியாத அளவுக்குப் பொறுமையாகப் பூசியிருந்தார்கள். ஆனால் உட்கார்ந்தால் பின்கால்கள் இரண்டும் நெகிழ்ந்தன. மூட்டைப் பிரித்தபோது, ஆட்டத்தை நிறுத்துவதற்காகக் குறுக்கே இறக்கிய நீண்ட ஸ்க்ரூ ஒன்று மரத்தை நீளவாக்கில் பிளந்திருந்தது. துளைக்குள் பழைய பசை கண்ணாடிச் சில்லு போல் காய்ந்து கிடக்க, அதன் மேலேயே புதுப் பசையை ஊற்றியிருந்தார்கள். கடையில் கிடைக்கும் வெள்ளை மரப்பசை மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கினால்தான் பிடிக்கும். காய்ந்த பசையின் மேல் அது வெறும் படலமாக நின்றுவிடும். ஆகவே ஆடும் மூட்டை முழுவதுமாகப் பிரித்து, உளியாலோ பழைய கத்தியாலோ வெறும் மரம் தெரியும் வரை சுரண்டிய பிறகே புதுப் பசை இட வேண்டும். மிகப் பழைய சாமான்களில் விலங்குப் பசை பயன்படுத்தியிருப்பார்கள். அது வெந்நீர் ஒற்றடத்துக்கே இளகிக் கொடுக்கும். மூட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, இடையில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, நான்கு கால்களும் சமதளத்தில் பதிகின்றனவா என்று பசை ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட்டு, 24 மணி நேரம் தொடாமல் விட்டால் போதும்.

கையில் பணம் குறைவாக இருப்பவர் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் பெயிண்ட் கடை அல்ல, சாமானைத் தேர்ந்தெடுக்கும் இடமே. வாங்கும் முன் அதைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடிப்பக்கத்தில் 1 அல்லது 2 மில்லிமீட்டர் அளவில் சின்னஞ்சிறு துளைகள் தெரிந்தால், கீழே காகிதம் விரித்து மரத்தைத் தட்டிப் பாருங்கள். மாவு போன்ற தூள் உதிர்ந்தால் உள்ளே பூச்சி இன்னும் அரித்துக்கொண்டிருக்கக்கூடும். அத்தகைய சாமானை வீட்டுக்குள் கொண்டு போவது மற்ற மரங்களுக்கும் ஆபத்து. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டின் விளிம்பு ஈரத்தில் ஊறி உப்பியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எனக்கே வழி தெரியாது. மாறாக, சூடான குவளை வைத்ததால் மேசையில் விழுந்த வெள்ளை வளையத்துக்காக யாரும் நல்ல மேசையை விட்டுவிடக் கூடாது. அந்தக் கறை பெரும்பாலும் மேல்பூச்சோடு நின்றுவிடும்.

இனிச் சொல்வதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீடுகளில் பயன்படுத்தும் பெயிண்டில் ஈயத்தை அமெரிக்கா 1978இல் தடை செய்தது. பல நாடுகளில் கட்டுப்பாடு அதற்கு வெகுகாலம் கழித்தே வந்தது, சில நாடுகளில் இன்னும் வரவில்லை. அந்தப் பூச்சை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூசி தரையிலும் துணியிலும் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போய்விடுகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. சூடேற்றி உரிப்பதும் தீர்வாகாது, அதில் நச்சுப்புகை எழும். வயது தெரியாத பூச்சு உரிந்து நிற்கும் சாமானைப் புதிதாகத் தொழில் பழகுபவர் எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பூச்சே இல்லாத மரமானாலும் தூசியை அலட்சியமாக நினைக்காதீர்கள். மரத்தூசியைப் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1995இலேயே புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. மூக்கில் கட்டும் கைக்குட்டை போதாது; என்95 தரத்து முகக்கவசம் வேண்டும், தேய்க்கும் வேலையும் திறந்த வெளியில் நடக்க வேண்டும்.

வண்ணம் பூசத்தான் போகிறீர்கள் என்றால் மரம் வெளுக்கும் வரை தேய்க்க அவசியமே இல்லை. சோப்பு நீரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, உலர்ந்தபின் 180ஆம் எண் உப்புத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே மேல்பளபளப்பை மட்டும் மங்கச் செய்து, பெயிண்டுக்கு அடிப்பூச்சான பிரைமர் பூசினால் பெயிண்ட் பிடித்துக்கொள்ளும். வெனீர் எனும் மெல்லிய மர ஏடு ஒட்டிய மேசையென்றால் தேய்க்கும் இயந்திரத்தைத் தொடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த ஏடு கண்மூடித் திறப்பதற்குள் தேய்ந்து அடிப்பலகை தெரிந்துவிடும்.

வண்ணத்துக்குப் பதிலாக ஆளி விதை எண்ணெய் தடவ விரும்புகிறவர்கள், துடைத்த துணியை மறக்கக் கூடாது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகும்போது வெப்பம் வெளிவரும். துணியைச் சுருட்டிப் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, நெருப்பே காட்டாமல் தீப்பற்றும். நான் தொழில் பழகிய நாளில் மூலையில் இருந்த குப்பை வாளி புகைந்ததைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். துணியை வெளியே ஒற்றையாக விரித்து முற்றிலும் காய விடுங்கள், அல்லது நீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

கடைசியாக, தொட்டால் ஒட்டாத பெயிண்ட் காய்ந்துவிட்டதாகவே எல்லோரும் நினைக்கிறோம். கைக்கு உலரச் சில மணி நேரம் போதும். உள்ளே முழுவதும் இறுகுவதற்கு மூன்று நான்கு வாரங்கள்கூட ஆகலாம். மறுநாளே மேசைமேல் புத்தகங்களை அடுக்கியவர் ஒருவர், ஒரு வாரம் கழித்து அவற்றை எடுத்தபோது, அடியிலிருந்த புத்தகத்தின் பின்னட்டை மேசையிலேயே தங்கிவிட்டது. அந்த எழுத்துகளைச் சுரண்டி எடுக்கத்தான் மேசை என் பட்டறைக்கு வந்தது.