நீர்க்காகம்: சொல் விளக்கம்

நீர்க்காகம் என்பது நீருக்குள் மூழ்கி நீந்தி, மீனைத் துரத்திப் பிடிக்கும் கருநிறப் பறவைகளுக்குத் தமிழில் வழங்கும் பொதுப்பெயர். ஆங்கிலத்தில் இதைக் ‘கார்மரண்ட்’ என்பர். ஏரிகளில் மீன் குறைந்துபோவதற்கு இப்பறவையே காரணம் என்று ஐரோப்பியத் தூண்டில்காரர்கள் பல ஆண்டுகளாகக் குறைகூறி வருகின்றனர். அக்குறைகளைப் படிக்கும் சிங்கப்பூர்த் தூண்டில்காரர்களில் சிலர், பிடோக் நீர்த்தேக்கக் கரையில் நிற்கும் எந்தப் பெரிய மீனுண்ணிப் பறவையையும் ‘கார்மரண்ட்’ என்றே சொல்லிவிடுவதால், சொல்லையும் பறவையையும் சற்றுப் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இலத்தீனில் ‘கோர்வஸ் மரீனஸ்’ என்றால் கடற்காகம். அதுவே பழைய பிரெஞ்சு மொழியில் திரிந்து, ஆங்கிலத்திற்குள் ‘கார்மரண்ட்’ என நுழைந்தது. உயிரியலார் வைத்த ‘ஃபாலக்ரோகோராக்ஸ் கார்போ’ என்ற பெயரிலும் காகம் விடவில்லை: முதற்சொல் கிரேக்கத்தில் வழுக்கைத்தலைக் காகம் என்றும், இரண்டாம் சொல் இலத்தீனில் கரி என்றும் பொருள்படும். இத்தனைக்கும் இப்பறவைக்கும் காக்கைக் குடும்பத்துக்கும் நிறத்தைத் தவிர வேறு உறவு கிடையாது.

நிறத்தையோ நடத்தையையோ கண்டு காக்கை என அழைப்பது தமிழுக்கும் புதிதன்று. ஐங்குறுநூற்றில் ‘பெருங்கடற் கரையது சிறுவெண் காக்கை’ என்று ஒரு பத்துப் பாடல்களே தொடங்குகின்றன. வெள்ளைக் காக்கை என்றதால் அது காகமன்று, கரையோரக் கடற்பறவை என்பது விளங்கும். ஆனால் நீர்க்காகத்துக்குப் பெயரிட்டபோது தமிழர் கடலைச் சேர்க்காமல் நீரைச் சேர்த்தனர். குளம், ஏரி, கழி, ஆறு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், தூண்டில்காரர்களின் புகாரில் பாதி இதற்குள்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ‘கடலில் இருக்கவேண்டிய பறவை ஏரிக்குள் புகுந்துவிட்டது’ என்பதே இங்கிலாந்தில் அடிக்கடி எழும் புகார். 1981 இல் எசெக்ஸ் வட்டாரத்து ஆபர்ட்டன் நீர்த்தேக்கத்தில் நீர்க்காகங்கள் மரங்களில் கூடு கட்டத் தொடங்கிய பிறகு, கடற்கரையை விட்டு உள்நாட்டில் கூடு கட்டும் கூட்டங்கள் பெருகின. பெரிய நீர்க்காகம் ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைக்கிலோ மீன் தின்னும் என்பதால், காசு கொடுத்து மீன்குஞ்சு விடும் சிறு ஏரிக்காரரின் கவலையைப் பொய்யென்று தள்ளமுடியாது. அதனால்தான் சட்டப் பாதுகாப்பு இருந்தும், மீன்வளத்துக்குக் கடும் சேதம் வரும் இடங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சுட அங்கு உரிமம் தரப்படுகிறது. எனினும் பெரிய நீர்க்காகங்களுள் ஓர் உள்ளினம் ஐரோப்பிய உள்நாட்டு நீர்நிலைகளில் மரத்தின்மேல் கூடு கட்டி வாழ்வதே இயல்பாக உடையது. அதைக் கடலிலிருந்து வந்த வேற்றாள் என்பது பொருந்தாது. தமிழ்நாட்டு வேடந்தாங்கல் ஏரியிலோ நீர்க்காகம் ஏரிப்பறவையாகவே அறியப்படுகிறது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த அவ்வூரார் தலைமுறை தலைமுறையாக அப்பறவைகளைக் காத்து வந்திருக்கின்றனர்.

சிங்கப்பூருக்கு வருவோம். நம் நீர்த்தேக்கங்களில் நீர்க்காகம் அன்றாடம் கண்ணில் படும் பறவை அன்று. இங்குத் தூண்டில்காரர் பக்கத்தில் வந்து நிற்பது பெரும்பாலும் சாம்பல் நாரை. பாசிர் ரிஸ் பூங்காவில் கூட்டமாகக் கூடு கட்டுவதும் அதுவே. இரண்டையும் வேட்டையாடும் முறையாலேயே பிரித்தறியலாம். நாரை நீரோரத்தில் கழுத்தை உள்ளிழுத்து அசையாமல் நின்று, மீன் எட்டும் தொலைவுக்கு வந்ததும் ஈட்டிபோல் அலகை வீசும். நீர்க்காகம் காத்திருக்காது, மூழ்கித் துரத்தி, நுனி கொக்கியாய் வளைந்த அலகால் மீனைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு மேலே வரும், அதைத் தூக்கிப்போட்டுத் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கும். பின் கட்டையொன்றில் ஏறி, நனைந்த சிறகுகளை விரித்து உலர்த்தும். ஆழத்தில் கிடக்கும் மீனை நாரையால் தொடமுடியாது என்பதால், நீர்க்காகத்தின் மேல் வைக்கும் குற்றச்சாட்டை அப்படியே நாரையின் மேல் வைப்பது நியாயமாகாது. அத்துடன், நம் தூண்டில்காரர்கள் விரும்பித் தேடும் பீக்காக் பாஸ் மீனே தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ‘எங்கள் மீன்’ என்று உரிமை கொண்டாடுமுன் இதையும் நினைவில் வைக்கலாம். பறவைகளைக் கொல்வதும் பிடிப்பதும் இங்கு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

எழுத்து வழக்கில் ‘கார்மரண்ட்’ என்பதற்கு நீர்க்காகம் என்றே எழுதலாம்; வகை சுட்டவேண்டின் சிறிய நீர்க்காகம், கொண்டை நீர்க்காகம், பெரிய நீர்க்காகம் என்பன வழக்கில் உள்ளன. வேர்ச்சொல்லைப் பார்த்துக் கடற்காகம் என மொழிபெயர்ப்பது குழப்பும், ஏனெனில் அச்சொல் ஆங்கிலத்தில் ‘கல்’ (gull) எனப்படும் வேறொரு கடற்பறவைக்கு வழங்குகிறது. நீர்க்கோழி முற்றிலும் வேறு பறவை. பாம்புபோல் கழுத்தை மட்டும் நீருக்கு வெளியே நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. மேலிருந்து பாய்ந்து கால்நகங்களால் மீனைத் தூக்குவது விராலடிப்பான். தோமான் மீனும் விரால் இனமே என்பதால், இப்பெயர் நம் தூண்டில்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லவேண்டிய இடத்தில் ‘மீனுண்ணிப் பறவைகள்’ என்பது போதும்.