புதரையும் மனிதனையும் பிரிக்கும் 100 ஹெர்ட்ஸ்

“இவ்வளவு பணத்தைக் கொட்டிய பிறகு பாதியில் ஏன் கைவிட்டார்கள்? ஓட விட்டிருந்தால் மெல்லச் சரியாகியிருக்காதா?” அமெரிக்க - மெக்சிகோ எல்லையில் கட்டப்பட்ட எஸ்பிஐநெட் கண்காணிப்பு அமைப்பைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கதை சிறியது. 2006 செப்டம்பரில் போயிங் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போனது. கோபுரத்தில் ரேடார், கேமரா, தரையில் உணரிகள், எல்லாம் ஒரே திரையில் என்பது திட்டம். 2011 ஜனவரியில் உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலர் ஜேனட் நபோலிடனோ அதை ரத்து செய்தபோது ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவாகியிருந்தது. அதற்குக் கிடைத்தது அரிசோனாவில் வெறும் 53 மைல். எல்லையோ சுமார் 2,000 மைல்.

இனி ரேடாருக்கு வருவோம். நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும். டாப்ளர் விளைவு, பள்ளியில் படித்ததுதான். 1,000 கோடி ஹெர்ட்ஸில் இயங்கும் ரேடாரை நோக்கி ஒருவர் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் நடந்து வந்தால் மாற்றம் எவ்வளவு? 100 ஹெர்ட்ஸ். பத்துக் கோடியில் ஒரு பங்கு!

இதை அளக்கும் வழி அழகானது. போன அலையையும் வந்த அலையையும் ஒன்றாகக் கலந்தால் போதும். சுருதி சற்றே வேறுபட்ட இரண்டு இசைக்கவைகளைச் சேர்த்துத் தட்டினால் விம்மல் கேட்குமே, அதேதான். இங்கே விம்மல் வினாடிக்கு 100. நம் காதுக்கு எட்டும் ஒலி அது. பழைய தரைக் கண்காணிப்பு ரேடார்களில் காவலர்கள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உண்மையிலேயே அதைக் கேட்டார்கள். நடக்கும் மனிதனின் ஒலிக்குத் தாளம் உண்டு. ஊன்றிய பாதம் அசையாது. வீசும் பாதமோ உடலைவிட இரண்டு, மூன்று மடங்கு வேகமாக முன்னே பாயும். அதனால் ஒலி ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்கும். கண்ணுக்கே தெரியாத தூரத்தில் நடப்பவரின் நடையைக் காதால் கேட்பது எனக்கு இன்றும் அதிசயமாகவே இருக்கிறது.

ஆனால் அரிசோனாப் பாலைவனத்தில் மெஸ்கீட் இருக்கிறது, சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. காற்றில் அதன் கிளை வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஆடினால் 67 ஹெர்ட்ஸ். மனிதனுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது! மழைத்துளியும் நகரும் பொருள்தான். எஸ்பிஐநெட்டின் முன்னோட்டக் கோபுரங்களில் மழையே ரேடாரைப் பொய்யாக எச்சரிக்க வைத்தது. எவ்வளவு மாற்றம் வந்தால் ஆள் என்று கொள்வது என்ற வரம்பைத் தளர்த்தினால் புதரெல்லாம் ஆளாகும். இறுக்கினால், ரேடாருக்குக் குறுக்கே நடப்பவர் தப்பிவிடுவார். அவர் நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை என்பதால் அவரது டாப்ளர் மாற்றம் ஏறத்தாழ சுழி.

ஒரு கணக்குப் போடுவோம். ஓர் இரவில் ரேடார் 1,00,000 முறை ‘ஆளா, இல்லையா’ என்று தீர்ப்புச் சொல்கிறது, ஆயிரத்தில் ஒன்றுதான் தவறுகிறது, உண்மையில் வந்தவர்கள் 10 பேர், அவர்களில் ஒருவரையும் அது விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். பொய் எச்சரிக்கை 100, மெய் 10. பதினொன்றில் பத்துப் பொய்! காவலர் எத்தனை இரவு ஓடுவார்?

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. எஸ்பிஐநெட்டுக்கு முன்பிருந்த உணரிகளின் எச்சரிக்கைகளில், காவலர்கள் போய்ப் பார்த்தவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் பொய் என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2005 டிசம்பரிலேயே எழுதியிருந்தது. ஒப்பந்தம் அதற்குப் பிறகுதான் போடப்பட்டது.

ஆகவே என் பதில்: நிறுத்தியது சரி. போன பணம் போனதுதான். அதை மீட்க இன்னும் கோபுரம் நடுவதில் பொருளில்லை. எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில். ஒரே ஒரு கோபுரம், ஒரு மழைக்காலம், புதரின் எதிரொலியைப் பதிவு செய்ய நான்கைந்து ஆய்வாளர்கள். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். கருவி வாங்கக் கோடிகள் உடனே வருகின்றன, அளந்து பார்க்கும் ஆராய்ச்சிக்குச் சில்லறை கேட்டால் கோப்பு நகர்வதில்லை.

ரத்தான பிறகும் அந்த 53 மைல் கோபுரங்கள் உடனே இறக்கப்படவில்லை. எல்லைக் காவலர்கள் தொடர்ந்து அவற்றைப் பயன்படுத்தினார்கள், அதே மெஸ்கீட் புதர்களுக்கு நடுவே.