முதல் இழுப்பு: கடல் மீனும் டிராக் வாஷரும்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "சார், எமரால்டு, அவலாஞ்சிப் பக்கம் ட்ரவுட் பிடிக்க 2500 அளவு தூண்டில் ரீல் ஒன்று வைத்திருக்கிறேன். ராமேஸ்வரத்தில் இருக்கும் சித்தப்பா பாறை மீன் பிடிக்கக் கூப்பிடுகிறார். இதையே எடுத்துப் போகலாமா, பெரிய ரீல் வாங்க வேண்டுமா? கடையில் பன்னிரண்டு பேரிங் போட்ட ஒன்றைக் காட்டி, இதுதான் கடலுக்கு நல்லது என்கிறார்கள்."

கையளவு பாறை மீனுக்கு எடுத்துப் போகலாம். பெரிய பாறைக்கு வேண்டாம். பேரிங் எண்ணிக்கையை நம்பிப் பணம் கொடுக்கவே வேண்டாம். பதில் இவ்வளவுதான். ஆனால் அதற்கான காரணம் ரீலுக்குள் இருக்கும் சில வட்டத் தகடுகளில் இருக்கிறது. அவற்றைப் பற்றிப் பேச எனக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

முதலில் மீன்களைப் பார்ப்போம். நீலகிரி ட்ரவுட் இந்த மண்ணில் பிறந்ததல்ல. பிரிட்டிஷ்காரர்கள் பலமுறை முயன்று, கடைசியில் 1907இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் ட்ரவுட் இங்கே நிலைத்தது. நம் ஓடைகளில் மாட்டுவது பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்தான். அதைப் பிடிப்பவருக்கு ரீல் என்பது தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் உருளை, அவ்வளவே. மீன் இரண்டு துள்ளு துள்ளும், நாம் சுற்றி இழுத்துவிடுவோம். கடலில் கதை வேறு. பாறைக் குடும்பத்தில் பெரியது காராங்ஸ் இக்னோபிலிஸ். தூண்டில்காரர்கள் ஜிடி என்று செல்லமாகச் சொல்வது இதைத்தான். 1.7 மீட்டர் நீளமும் 80 கிலோ எடையும் வரை வளரக்கூடியது. அதில் கால்வாசி எடையுள்ள மீன் மாட்டினாலும் சுற்றி இழுக்கிற பேச்சே முதல் நிமிடத்தில் கிடையாது. நரம்பை அதுதான் இழுத்துக்கொண்டு ஓடும். நம்மால் முடிந்ததெல்லாம் அந்த ஓட்டத்துக்கு விலை வைப்பது. அப்படி விலை வைக்கும், அதாவது ஓடும் நரம்புக்குத் தடை கொடுக்கும் பாகத்தின் பெயர் டிராக்.

கியர், உடல், கைப்பிடி பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 6:1 கியர் என்றால் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால், நரம்பைச் சுற்றிவிடும் பாகமான ரோட்டர் ஆறு சுற்று சுற்றும். வேகம் கூடும், விசை குறையும். பள்ளியில் படித்த அதே கணக்கு. உடல் அலுமினியமாக இருந்தால் பாரத்தில் வளையாது, பிளாஸ்டிக் வளையும். வளைந்தால் கியர் பற்கள் ஒன்றுக்கொன்று சரியாக உட்காராமல் தேய்ந்து போகும். சரி, இது போதும். டிராக்குக்கு வருவோம்.

நரம்பு சுற்றியிருக்கும் உருளைதான் ஸ்பூல். அதன் மேலே இருக்கும் திருகைக் கழற்றுங்கள். உள்ளே விளிம்பை ஒட்டி ஒரு வளைந்த கம்பி க்ளிப் இருக்கும். அதை நகத்தால் நெம்பி எடுத்தால் வாஷர்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு உலோக வாஷருக்கு விளிம்பில் காதுகள் இருக்கும், அவை ஸ்பூலின் பள்ளங்களில் மாட்டிக்கொள்ளும். அடுத்த உலோக வாஷருக்குக் காது இல்லை. நடுத்துளையின் ஒரு பக்கம் தட்டையாக வெட்டப்பட்டிருக்கும், அது நடுத்தண்டைப் பிடித்துக்கொள்ளும். முதலாவது ஸ்பூலோடு சுற்றும், இரண்டாவது தண்டோடு அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவே கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு மெல்லிய வட்டம். கறுப்பு என்றால் கார்பன் நார், பழுப்பு என்றால் பெரும்பாலும் கம்பளித் துணி மாதிரியான ஃபெல்ட். மேலிருக்கும் திருகை இறுக்கினால் ஸ்பிரிங் இந்த அடுக்கை அமுக்கும். மீன் இழுக்கும்போது சுற்றும் தகட்டுக்கும் நிற்கும் தகட்டுக்கும் நடுவே அந்த மெல்லிய வட்டம் உராயும். நம் முழு நம்பிக்கையும் அந்த உராய்வில்தான்.

வாஷர் அகலமாக இருந்தால் உரசும் பரப்பு அதிகம், அதனால் தடையும் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் கியோம் அமோந்தோன் 1699இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். உராய்வு விசை, அமுக்கும் விசையைப் பொறுத்தது. பரப்பைப் பொறுத்தது அல்ல. பளபளவென்று தெரியும் தகடுகூட நுண்ணளவில் மேடும் பள்ளமும்தான். இரண்டு தகடுகள் உண்மையில் தொட்டுக்கொள்வது சில மேட்டு நுனிகளில் மட்டுமே. அமுக்க அமுக்க அந்த நுனிகள் நசுங்கித் தொடுபரப்பு கூடும். அகலமான வாஷரில் அதே அமுக்கம் பரவிவிடுவதால் லாபம் ஒன்றும் இல்லை. பெரிய வாஷரால் கிடைக்கும் நன்மை வேறு. உரசும் இடம் மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் திருப்புவிசை கூடும். ஒன்றுக்கு மூன்றாக அடுக்கினால் தடை மும்மடங்காகும். அதோடு வெப்பம் பரவ இடம் கிடைக்கும்.

வெப்பத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 8 கிலோ தடைக்கு எதிராக வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மீன் நரம்பை இழுக்கிறது என்று வையுங்கள். ஏறத்தாழ 400 வாட். நூறு மீட்டர் ஓடி முடிப்பதற்குள் 7,800 ஜூல் வெப்பம் அந்தச் சின்ன அடுக்குக்குள் பிறந்துவிடும். 100 கிராம் அலுமினிய ஸ்பூல் அவ்வளவையும் வாங்கிக்கொண்டால் அதன் வெப்பநிலை 87 டிகிரி செல்சியஸ் உயரும். வாஷர் மட்டும் தனியாக அதைவிட அதிகம் சூடாகும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டுமே மிதித்து இறங்கிய வண்டியின் சக்கரத்துப் பக்கம் நின்றிருந்தால் அந்தக் கருகல் வாடை தெரிந்திருக்கும். அங்கே நடப்பதும் இங்கே நடப்பதும் ஒன்றுதான். சூடேறினால் சில பொருள்கள் பிடிப்பை இழக்கும். எண்ணெய் ஊறிய ஃபெல்ட் கருகும். கார்பன் நார் அசராது. ரீல் தயாரிக்கும் பென் நிறுவனம் எச்டி-100 என்று பெயரிட்டு விற்பதும் கார்பன் நார் வாஷரைத்தான்.

இனி எனக்குப் பிடித்த இடம். கார்பன் நாரின் பெருமை வெப்பத்தைத் தாங்குவதில் மட்டும் இல்லை, அது நகரத் தொடங்கும் விதத்தில் இருக்கிறது. நிற்கும் பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகர்ந்துகொண்டிருக்கும் பொருளை நகர்த்த வேண்டிய விசையைவிட அதிகம் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்திருப்போம். படித்துவிட்டு மறந்தும் இருப்போம். அதில் ஒரு நுட்பம் உண்டு. எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவுக்கு நிலையுராய்வு மெல்ல மெல்லக் கூடும். பிரெஞ்சு இயற்பியலாளர் கூலூம் 1780களிலேயே இதைக் கவனித்திருக்கிறார். தொட்டுக்கொண்டிருக்கும் மேட்டு நுனிகள் பாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கிப் பரவுகின்றன, இணைப்பு வலுக்கிறது. டிராக்கை இறுக்கி வைத்து, ஒரு மணி நேரம் சும்மா காத்திருந்த ரீலில் மீன் மாட்டினால் முதல் நொடியில் ஸ்பூல் சுற்ற மறுக்கும். மீனுக்குத் தெம்பு அதிகம் இருப்பதும் அந்த நொடியில்தான்.

இன்னொன்று. சில பொருள்களில் வேகம் கூடும்போது உராய்வு குறையும். ஸ்பூல் நகர ஆரம்பித்ததும் தடை விழுந்துவிடும், ஸ்பூல் எகிறும், நரம்பு தளரும், மறுபடி ஒட்டும், மறுபடி எகிறும். தூண்டில் கம்பான ராடின் நுனி 'டக் டக்' என்று தலையாட்டுவது இதனால்தான். மீன் சண்டை போடுகிறது என்று நாம் குஷியாகிவிடுவோம், சண்டை போடுவது வாஷர். கார்பன் நாரில், மேலே மெல்லிய டிராக் கிரீஸ் தடவினால், நிற்கும்போதுள்ள உராய்வும் ஓடும்போதுள்ள உராய்வும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். மீன் முதல் அடி எடுத்து வைக்கும்போதே ஸ்பூல் வழுக்கிக்கொண்டு கிளம்பும். பார்க்கவே அழகாக இருக்கும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். சாமான் எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும், முள் உள்ளதாக இருந்தால் நல்லது. நரம்பின் நுனியைக் கொக்கியில் கட்டி, ரீலைக் கையில் பிடித்துக்கொண்டு, நண்பரை மெதுவாக நேராக இழுக்கச் சொல்லுங்கள். முள்ளின் மேலேயே கண் இருக்கட்டும். 6ஐத் தொட்டுவிட்டு 4க்கு இறங்கி நின்றால், இந்த ரீலின் தொடக்கத் துள்ளல் ஒன்றரை மடங்கு. நேராக 4க்குப் போய் அங்கேயே நின்றால் ரீல் தேறிவிட்டது. பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டு மறுபடியும் இழுத்துப் பாருங்கள்.

இந்த ஒன்றரை மடங்குக்கு ஏன் இவ்வளவு பயம்? அது தனியாக வருவதில்லை. 12 கிலோ தாங்கும் நரம்பு, மூன்றில் ஒரு பங்காக டிராக்கை 4 கிலோவில் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். தூண்டில்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் அளவு அது. ராடு வளைந்து நரம்பு வளையங்களின் மேல் 90 டிகிரி திரும்புகிறது. வளைவில் உரசும் கயிற்றின் இழுவிசை கோணத்தோடு அடுக்குக்குறியாக ஏறும். உராய்வுக் கெழு 0.2 என்றால் 1.37 மடங்கு. 4 கிலோ, 5.5 கிலோ ஆயிற்று. மீன் ஓடியதில் ஸ்பூலின் நரம்புச் சுற்று 60 மில்லிமீட்டர் விட்டத்திலிருந்து 40க்கு மெலிந்துவிட்டது. வாஷர் தரும் திருப்புவிசை மாறவில்லை, ஆனால் ஆரம் சுருங்கிவிட்டது. அதே திருப்புவிசைக்கு இப்போது ஒன்றரை மடங்கு இழுவிசை தேவை: 8.2 கிலோ. அந்த நேரத்தில் மீன் ஒரு கணம் நின்று மறுபடி பாய்கிறது. தொடக்கத் துள்ளல் ஒன்றரை மடங்கு: 12.3 கிலோ.

அறுந்தது. யாரும் டிராக்கைத் தொடவே இல்லை.

மீன் தூரமாக ஓட ஓடப் பதற்றத்தில் டிராக்கை இறுக்குகிறவர்கள் உண்டு. செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது, கொஞ்சம் தளர்த்த வேண்டும். பெரிய ரீல் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 2500 ஸ்பூலில் நூறு மீட்டர் போனால் சுற்று வெகுவாக மெலிந்துவிடும். அகன்ற, ஆழமான ஸ்பூலில் அதே நூறு மீட்டர் போனாலும் ஆரம் அதிகம் மாறாது. இப்போது எல்லோரும் போடும், இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு தங்கூஸ் மாதிரி நீண்டு கொடுக்காது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ராடும் டிராக்கும் மட்டுமே மிச்சம்.

பெட்டியில் '20 கிலோ டிராக்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். ராடின் அடியை இடுப்பில் ஊன்றி, கையை அரை மீட்டர் மேலே வைத்து, வளைந்த நுனி ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும்போது, மீன் 10 கிலோ இழுத்தாலே கை 30 கிலோ தாங்க வேண்டும். 20 கிலோ என்றால் 60. ஆடும் படகில் அதைத் தாங்குபவருக்கு என் வணக்கம். படகு கிளம்பும் முன் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் படித்தவர்கள், இந்த 20ஐயும் பன்னிரண்டு பேரிங்கையும் கேள்வி கேட்காமல் கும்பிடுகிறார்கள். எலுமிச்சம்பழத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பேரிங் என்பது சுற்றும்போது வழவழப்பைத் தருவது, மீனைப் பிடிக்கும் வேலை அதற்கு இல்லை. தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் மூடாக்கு சரியில்லாத ரீலில் ஒவ்வொரு பேரிங்கும் துருப்பிடிக்க இன்னொரு இடம்.

தொடக்கத் துள்ளல் எவ்வளவு என்று எந்தப் பெட்டியிலாவது அச்சடித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அளக்க ஆகும் செலவு மிகக் குறைவு. உலகம் செலவழிக்கும் எரிசக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உராய்வை வெல்லவே போகிறது என்று மதிப்பிடுகிறார்கள். அந்த உராய்வை ஆராயும் துறைக்கு நம் கல்லூரிகளில் பணம் கேட்டால் 'பழைய சப்ஜெக்ட்' என்று உதடு பிதுக்குகிறார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கும் மாநிலம் நம்முடையது. இறுதியாண்டு ப்ராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்குவதற்குப் பதில், நான்கு மாணவர்கள் ஒரு மோட்டாரையும் தராசையும் வைத்து இருபது ரீல்களைச் சோதித்துத் தமிழில் வெளியிட்டால் எத்தனை பேருக்கு உதவும்!

அப்புறம் உப்பு. நம் மலை ஓடைத் தண்ணீரில் உப்பு சொற்பம். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம். அலுமினிய உடலும் எஃகுத் திருகும் உப்புநீரில் ஒன்றாக நனைந்தால் அது ஒரு சின்ன மின்கலம், அதில் கரைவது அலுமினியம். ஆகவே மூடாக்கு முக்கியம். ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்6 என்ற குறிகள் எல்லாப் பக்கமிருந்தும் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்பதைச் சொல்கின்றன. 5க்கு நிமிடத்துக்கு 12.5 லிட்டர், 6க்கு 100 லிட்டர். தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்று பொருள் அல்ல, அதற்கு 7, 8 என்று வேறு எண்கள் உண்டு.

கடையில் பெட்டியைப் பிரித்ததும் டிராக்கைப் பாதி இறுக்கி, நரம்பைக் கையில் சுற்றி மெல்ல இழுத்துப் பாருங்கள். உடல் உலோகமா, வாஷர் கார்பனா, மூடாக்கு உண்டா என்று கேளுங்கள். கட்டா மீனுக்கும் கையளவைத் தாண்டிய சின்னப் பாறைக்கும் 5000, 6000 அளவு போதும். பெரிய ஜிடிக்கு 14000க்குக் கீழே யோசிக்க வேண்டாம். விலை கசக்கத்தான் செய்யும். சித்தப்பாவிடமே ஒன்று இரவல் கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பதிலும் தப்பில்லை.

கடலிலிருந்து திரும்பியதும் டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மென்மையாக ஊற்றிக் கழுவுங்கள். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் உப்பை நாமே உள்ளே தள்ளுவோம். காய்ந்ததும் டிராக்கை முழுவதும் தளர்த்திவிடுங்கள், வாஷர்கள் நசுங்கிக் கிடக்க வேண்டாம். கிரீஸ் தடவுகிறேன் என்று கைப்பிடி பின்னால் சுழலாமல் தடுக்கும் ஒருவழி பேரிங்குக்குள் அப்பிவிடாதீர்கள். ராமேஸ்வரத்து வெயிலில் அது வேலை செய்வது போலத்தான் இருக்கும். டிசம்பர் உறைபனிக் காலையில் எமரால்டுக்கு எடுத்துப் போனால் கிரீஸ் கெட்டியாகி, உருளைகள் பிடிக்காமல் கைப்பிடி பின்பக்கம் சுற்றும். அந்த இடத்துக்கு மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும்.