லைக் விழும்போது மூளையில் நடப்பது

கடலூர் சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து பிள்ளைகள் சேர்ந்து எடுக்கும் படம், அவர்கள் மஞ்சக்குப்பம் வந்து சேர்வதற்குள் இன்ஸ்டாகிராமில் ஏறிவிடுகிறது. அடுத்த கால்மணி நேரம் லைக் எண்ணுவதிலேயே போகும். எண்ணிக்கை குறைந்தால் படத்தையே நீக்கிவிடுவார்கள். அழைக்கப்படாத ஆறாவது பிள்ளை வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். "இதற்கெல்லாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது?" என்று கேட்கிறோம். கேட்கவே கூடாத கேள்வி அது.

பதின்ம வயது மூளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. 2016இல் வெளியான கலிபோர்னியா ஆய்வு ஒன்றில், 13 முதல் 18 வயதுக்குட்பட்ட 32 பேரை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்துப் படங்களைக் காட்டினார்கள். சில படங்கள் அவர்களே கொடுத்தவை. லைக் எண்ணிக்கையை இட்டவர்கள் ஆய்வாளர்கள். பிள்ளைகளுக்கு அது தெரியாது. தன் படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைக் கண்டதும், மூளையின் ஆழத்தில் பரிசுக்கு விழித்துக்கொள்ளும் பகுதி சுறுசுறுப்பானது. பிறர் படங்களிலும் லைக் அதிகம் பெற்றவற்றுக்கே அவர்களும் லைக் போட்டார்கள். சிகரெட், மது இருந்த படங்களும் விலக்கல்ல. அத்தகைய படங்களைப் பார்க்கையில், 'நில், யோசி' என்று தடுக்கும் பகுதிகளின் வேலை குறைந்தது. எனக்குக் கவலை தருவது இதுதான்.

2005இல் அமெரிக்காவில் கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்து நடத்திய சோதனையும் இதையே காட்டியது. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது 13–16 வயதினர் கூடுதலாகத் துணிந்தார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. பார்க்கும் நண்பர்களோ இப்போது போன் வழியே இரவு பதினொரு மணிக்கும் உடன் இருக்கிறார்கள். இந்த வயதில் தூக்கம் இயல்பாகவே தாமதமாக வரும் என்பதால், போன் இரவில் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும்.

அதற்காக எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். அப்பாவுக்கு மாற்றலாகி நெய்வேலிக்குப் போன தோழியுடன் பேச்சு தொடர்வது நல்லதுதான்.

நான் முதலில் வைக்கும் ஆபத்து, மணிக்கணக்கோ மதிப்பெண்ணோ அல்ல, மிரட்டல். அதே வயதுப் பிள்ளையின் முகத்தோடு ஒரு கணக்கு நட்பு கேட்கும். நாலைந்து பொது நண்பர்கள் தெரிவார்கள். புகழ்ச்சி, பிறகு வேறு செயலிக்கு அழைப்பு, பிறகு அந்தரங்கப் படம். படம் போன மறுகணம் நண்பர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டும் பணம் கேட்கும் செய்தியும் வரும். கொடுத்தால் மறுபடி கேட்பார்கள்.

பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை? மானம் ஒரு காரணம். வீட்டில் போனைப் பிடுங்கிவிடுவார்கள், நண்பர்கள் மொத்தமும் போய்விடுவார்கள் என்பது இன்னொன்று. மிரட்டுபவனுக்கு அந்த மௌனமே முதலீடு. எனவே ஒன்றும் நடக்காத நாளிலேயே, "எது வந்தாலும் என்னிடம் சொல், போனைப் பிடுங்கமாட்டேன்" என்று சொல்லிவையுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

பாலியல் நோக்கத்தோடு 18 வயது நிரம்பாதவரின் உடல் படத்தைக் காட்டி மிரட்டுவது 2012 போக்சோ சட்டப்படி குற்றம்; படம் போலியாகத் தயாரித்தது என்றாலும் குற்றமே. கடலூரோ புதுச்சேரியோ, பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அனுப்பாதீர்கள். பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். மிரட்டியவரின் கணக்குப் பெயரும் பணம் கேட்ட செய்தியும்தான் சாட்சி.