டிப்போ: நிலையமா, கிடங்கா, பணிமனையா?

விறகு டிப்போ, பால் டிப்போ, பஸ் டிப்போ என்று அன்றாடம் புழங்கும் சொல் இது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அதனால்தான் depot என்று எழுதினாலும் கடைசி எழுத்தான 'ட்' ஒலிப்பதில்லை. மூலம் லத்தீனின் 'தெபோசிட்டும்': ஓரிடத்தில் இறக்கி வைத்தது, ஒப்படைத்தது. வங்கியில் போடுகிறோமே டெபாசிட், அதுவும் இதே வேரில் கிளைத்ததுதான்.

அமெரிக்காவில் 1830களில் ரயில் ஓடத் தொடங்கியதும், ஆட்களும் சரக்கும் இறங்கும் நிலையத்துக்கே டிப்போ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். நம் ஊர் பஸ் டிப்போவை நினைத்துக்கொண்டு 'பணிமனை' என்று போட்டால், பயணிகள் பழுதுபார்க்கும் இடத்தில் போய் ரயில் ஏறியதாக ஆகிவிடும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள அட்லாண்டாவைப் பாருங்கள். ரயில் பாதை முடியும் இடமென்று 1837-ல் குறிக்கப்பட்ட இடத்தில் எழுந்த ஊர் அது. முதலில் அதன் பெயரே டெர்மினஸ். 1845-ல்தான் அட்லாண்டா ஆனது. 1853-ல் ஊர் நடுவே யூனியன் டிப்போ வந்தது. பல கம்பெனிகளின் ரயில்கள் ஒரே வளைகூரைக்குள் வந்து நிற்கும். ஆகவே அது 'கூட்டு ரயில் நிலையம்'. 'ஒன்றிய நிலையம்' என்றால் ஊராட்சி ஒன்றியம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 நவம்பரில், வடக்குத் தரப்புத் தளபதி ஷெர்மனின் படை அதை இடித்துத் தள்ளியது. 1869-ல் ஜார்ஜியா ரயில்வே கட்டிய சரக்கு டிப்போ இன்றும் நிற்கிறது. அதற்குச் 'சரக்குக் கிடங்கு' சரி. எஞ்சின்களைப் பழுதுபார்த்தது வேறோர் இடத்தில், வட்டமான கொட்டகையில்: நடுவே ஒரு சுழல்மேடை, எஞ்சினை அதன்மேல் நிறுத்தித் திருப்பி, விசிறிபோல் விரியும் தடங்களில் ஒன்றில் விடுவார்கள். பணிமனை என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும்.

நகரம் பெருத்தபோது தண்டவாளங்கள் தெருக்களை வெட்டின, வண்டிகள் தேங்கின. பிற்பாடு தெருக்களையே மேம்பாலங்களாக உயர்த்தினார்கள். பழைய கடைகளின் தரைத்தளங்கள் அடியில் போயின. அந்தப் பகுதிக்குத்தான் 'அண்டர்கிரவுண்ட் அட்லாண்டா' என்று பெயர். சுரங்க ரயில் என்று எழுதிவிடக் கூடாது.

எனவே அகராதியைப் புரட்டும் முன், அங்கே நடப்பது என்ன என்று பாருங்கள். ஏறி இறங்கினால் நிலையம், சரக்கு கிடந்தால் கிடங்கு, வண்டியைப் பழுதுபார்த்தால் பணிமனை. கிடங்கு 'கிட' என்ற வினையில் பிறந்த சொல். சங்கப் பாடல்களில் அகழிக்கும் இதே பெயர். விறகு டிப்போவுக்கோ மக்களே வைத்த பெயர் ஒன்று உண்டு: விறகுத் தொட்டி.